வரிசையில் வைக்காத கீபோர்டு

வேணு மாஸ்டரின் இன்னிசைக் குழுவில் இந்த ஆண்டு யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், ஆயுத பூஜையன்று காலையில் தேரடி வீதிக்குப் போனால் போதும். பைக் கடைக்கு மேலேயுள்ள மாடி அறையில் நீலப் பாய் விரித்து, அதன்மேல் வாத்தியங்களை வரிசையாக வைத்திருப்பார்கள். தபேலா, டோலக், பேஸ் கிட்டார், ரிதம் பேட், கீபோர்டு. பாடுகிறவர்கள் தங்கள் பாட்டு நோட்டுகளை வைப்பார்கள். மாஸ்டர் தம் கையாலேயே ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டுக் கற்பூரம் காட்டுவார். அந்த வரிசையில் எது இருக்கிறதோ அதற்குரியவர் அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் அந்தக் குழுவின் ஆள். எது இல்லையோ அவர் ஆள் இல்லை. எழுதி வைத்த ஒப்பந்தம் என்று எதுவும் கிடையாது. நந்தினி அறிந்த எல்லாக் குழுக்களிலும் இதுதான் ஒப்பந்தம்.

புரட்டாசியில் கல்யாணம் இல்லாததால் குழுவினர் கை சும்மா இருக்கும் காலம் அது. பூஜை முடிந்து பொரி கடலை சாப்பிட்டுக்கொண்டே மாஸ்டர் ஐப்பசி முகூர்த்த நாள்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். வரிசையில் வாத்தியம் வைத்தவருக்கே அந்த நாள்கள்.

நந்தினியின் கீபோர்டு ஆறு ஆண்டுகளாக அந்த வரிசையில் இருந்தது. போன ஆண்டு மாஸ்டர் பக்தி மிகுதியில் அள்ளித் தெளித்த குங்குமம் கட்டைகளுக்கு நடுவே இறங்கி, ஒரு கட்டை அழுத்தினால் எழும்பாமல் போயிற்று. பழைய பல்துலக்கியால் மூன்று நாள் சுரண்டி அதைச் சரிசெய்தாள். அதையும் அவள் மாஸ்டரிடம் சொன்னதில்லை. அவரிடம் அவளுக்கு அவ்வளவு மரியாதை.

இந்த ஆண்டு வந்த சிக்கல் வேறு. கீழ்பென்னாத்தூரில் மாறன் என்ற இளைஞன் 'செம்மண்' என்று ஒரு குழு வைத்திருந்தான். நான்கு பேர். சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறவர்கள். சித்திரை மாதத்தில் ஒருநாள் அவர்களுக்குக் கீபோர்டு வாசிக்கப் போன நந்தினி, பிறகு ஒவ்வொரு வாரமும் போனாள். வேணு மாஸ்டரின் மேடையில் முதல் நான்கு சுரம் வாசிப்பதற்குள் கூட்டம் பாட்டைக் கண்டுபிடித்துக் கைதட்டிவிடும். அது அவளுக்குப் பிடிக்கும். செம்மண்ணில் அடுத்த சுரம் எதுவென்று கூட்டத்துக்குத் தெரியாது, மாறனுக்குத் தெரியாது, சில சமயம் அவளுக்கே தெரியாது, அதுவும் பிடிக்கும். இரண்டில் ஒன்றை விட்டுவிட அவளுக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

காரணத்தை ஆவணி மாதம் கொண்டுவந்து கொடுத்தது. அதில் தவறு நந்தினியுடையதுதான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். வேணு மாஸ்டர் தமிழ்த் தேதி தவிர வேறு தேதி பேசமாட்டார். மாறனுக்கு ஆங்கிலத் தேதி தவிர வேறு தெரியாது. மாஸ்டர் "ஆவணி இருபத்தாறு" என்றதும் அவள் சுவரிலிருந்த காலண்டரில் வட்டமிட்டாள். மாறன் "செப்டம்பர் பதினொன்னு" என்றதும் செல்போனில் குறித்துக்கொண்டாள். இரண்டும் ஒரே நாள் என்பது அன்று காலை மாஸ்டர் போன் செய்து, "மூணு மணிக்கு வேன் வந்துடும்மா" என்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகத்துக்கு எதிரேயுள்ள தட்டச்சு மையத்தில் உட்கார்ந்து நாள் முழுதும் அடுத்தவர் மனுக்களுக்குத் தேதி அடித்துக் கொடுக்கிறவள் அவள்.

நேரே மண்டபத்துக்கு வந்துவிடுவதாக மாஸ்டரிடம் சொல்லி, நான்கு மணிக்கு ஒரு கல்லூரி விழாவில் செம்மண்ணுக்கு வாசித்துவிட்டு, கணவன் பிரசாத்தின் ஆட்டோவில் கீபோர்டை ஏற்றிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் கல்யாண மண்டபத்துக்கு ஓடினாள். வழியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று நடுரோட்டை விட்டு நகரவில்லை. அவள் போய்ச் சேர்ந்தபோது மணமக்கள் மேடையேறி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. வரவேற்புப் பாட்டு கீபோர்டு இல்லாமலே முடிந்திருந்தது. பெண்ணின் தாய்மாமன் மைக்கையே வாங்கி, "இன்னா மாஸ்டர், பாட்டுல எலும்ப உருவிட்டு வெறும் சதைய மட்டும் போடுறீங்க" என்று கேட்டுவிட்டார். மண்டபமே சிரித்தது. இருபத்தைந்து ஆண்டுகளாக மேடையேறுகிற வேணு மாஸ்டர் கைகூப்பிக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் மாடி அறையில் அவர் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"தப்பு என்னுதுதான் மாஸ்டர். மூணு வாட்டி மன்னிப்பு கேட்டுட்டேன். இன்னொரு வாட்டியும் கேக்கறேன்."

"தப்ப விடும்மா. தப்பு யாருக்கும் வரும். எனக்கு ஆள் அரையும் குறையுமா வேணாம், முழுசா வேணும். ஆயுத பூஜைக்கு கீபோர்ட கொண்டாந்து வை. வச்சிட்டா அந்தப் பசங்ககிட்ட போகக் கூடாது. போறதுன்னா இங்க வைக்காத. அவ்ளோதான்."

"நீங்க ஞாயித்துக்கிழமைல பஜனைக்கு ஆர்மோனியம் வாசிக்கப் போறீங்களே மாஸ்டர்."

"அது சாமி காரியம்."

"அந்த பஜனைக்காரங்க உங்க ஆர்மோனியத்த அவுங்க பூஜைல கொண்டாந்து வைக்கச் சொன்னா?"

"சொல்ல மாட்டாங்க. அவுங்க மரியாதை தெரிஞ்சவங்க."

"அந்த மரியாதையத்தான் மாஸ்டர் நானும் கேக்கறேன்."

வேணு மாஸ்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஆறு ஆண்டில் அவள் அவரிடம் எதிர்த்துப் பேசியது அதுவே முதல் முறையாக இருக்கலாம். "பூஜை பத்தரைக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு மின்விசிறியை நிறுத்தினார். அறையைப் பூட்டப் போகிறார் என்பது அதற்குப் பொருள்.

மாறனாவது வேறு மாதிரி இருப்பான் என்று அவள் எண்ணியிருந்தாள். செம்மண் பயிற்சி செய்வது அவனுடைய மாமாவின் மல்லாட்டைக் குடோனில். மூட்டைகளின்மேல் உட்கார்ந்து கிட்டாருக்குச் சுருதி கூட்டிக்கொண்டே அவன் சொன்னான்:

"அக்கா, பூஜை கீஜைல எல்லாம் எனக்கு நம்பிக்கை இல்ல. எங்கம்மா விட மாட்டேங்குது. ஒண்ணாந்தேதி பத்தரைக்கு எங்க வூட்ல வச்சிருக்கோம். கீபோர்ட கொண்டாந்துடுங்க."

"நம்பிக்கை இல்லாத பூஜைக்கு என் கீபோர்டு எதுக்குப்பா?"

"பசங்க சங்கடப்படுறாங்கக்கா. நீங்க எங்க ஆளா, அவுரு ஆளான்னு கேக்கறாங்க. அந்தக் கல்யாணக் கச்சேரி உங்களுக்கு எதுக்கு? ரிசப்ஷன்ல சாப்புடுறவங்களுக்கு பின்னாடி வாசிக்கிறது ஒரு வாசிப்பா? விட்டுட்டு வாங்க, நம்ம பாட்ட நம்பி எறங்குவோம்."

"தம்பி, உனக்குப் புடிச்சுதே இந்தக் கை, இது அந்தக் கச்சேரில சாப்புடுறவங்களுக்கு வாசிச்ச கைதான். கைய மட்டும் கொண்டா, கச்சேரிய விட்டுடுன்னா எப்படி?"

மாறன் சுருதியைக் கூட்டிக்கொண்டே இருந்தான். அது முன்பே கூடியிருந்தது.

வீட்டில் பிரசாத் இதை ஒரு கணக்காகப் போட்டுத் தீர்த்துவிட்டான். "கீபோர்ட மாஸ்டர்கிட்ட குடுத்துடு. ஸ்டாண்ட மாறனுக்குக் குடுத்துடு. அடாப்டர நான் ஆட்டோல வச்சு பொட்டு வச்சுக்கறேன். யாருக்கும் மனக்குறை இருக்காது."

"உங்களுக்கு எல்லாம் சிரிப்பா இருக்குது."

"சிரிப்பு இல்ல நந்து. ஐப்பசில மாஸ்டர் நாள் குடுக்கலன்னா நீ மாசம் முழுக்க வூட்லதான் வாசிக்கணும். எனக்கு முன்னாடி வாசிப்ப. நான் கைதட்டுவேன். போதுமா உனக்கு?"

போதாது. அது இருவருக்கும் தெரிந்திருந்தது.

பூஜைக்கு இரண்டு நாள் முன்னதாக ராணியம்மாள் தட்டச்சு மையத்துக்கு வந்தாள். மாஸ்டரின் குழுவில் பதினெட்டு ஆண்டுகளாகப் பழைய பாட்டுகள் பாடுகிறவள், ஐம்பது வயதிருக்கும். ஏதோ பாட்டுத் தாள்களை ஜெராக்ஸ் எடுக்க வந்ததாகச் சொன்னாலும், வந்தது புத்தி சொல்வதற்கு என்று அவள் குடையை மடித்து ஓரமாக வைத்த நிதானத்திலேயே தெரிந்தது.

"இன்னாடி, மாஸ்டர்கிட்ட சரிக்குச் சரி பேசிட்டு வந்தியாமே."

"கேட்டதுக்கு பதில் சொன்னேங்க்கா."

"பதினெட்டு வருசமா என் நோட்டு அந்தப் பாயிலதான் இருக்குது. ஒரு எடத்துல இருந்தாதான் மரியாதை."

நந்தினி ஜெராக்ஸ் தாள்களை அடுக்கினாள். ஒவ்வொரு தாளின் மேலும் பென்சிலால் பாட வேண்டிய சுருதிக் கட்டை குறித்திருந்தது. மாஸ்டரிடம் ராணியம்மாள் பாடுவது ஐந்து கட்டையில். அதற்குக் கீபோர்டின் சுருதியை மாற்றி வைப்பவளே நந்தினிதான். இந்தத் தாள்களில் நாலரை என்றிருந்தது.

"இது யாருக்குக்கா நாலரைல?"

ராணியம்மாள் தெருப்பக்கம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சிரித்தாள். "செங்கத்துல ஒரு குழு. நாலு வருசமா போறேன். பொண்ணு வூட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போவேன். டோலக் கருப்பன் இல்ல, அவன் கலசபாக்கம் போறான். அவங்க அத்தைக்கு ஒடம்பு சரியில்லன்னு லீவு சொல்லுவான். அந்த அத்த செத்து ஆறு வருசமாவுது."

"மாஸ்டருக்குத் தெரியாதா?"

"தெரியாம இன்னா. தெரியாத மாதிரி இருப்பாரு. நாங்களும் தெரியாத மாதிரி போவோம். நீதான் தெரியிற மாதிரி செஞ்சிட்ட. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல. கீபோர்ட பாயில வச்சிடு. அப்புறம் உனக்கும் ஒரு அத்த இருக்கட்டும்."

நந்தினி தாள்களை நீட்டினாள். அவள் முகம் சிவந்திருந்தது. "எனக்கு அத்தை வேணாங்க்கா. நான் திருடப் போகல, வாசிக்கப் போறேன். திருட்டுத்தனமா போனா ரெண்டு எடத்துலயும் வாசிக்கிறது தப்புன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"பொம்பள ரெண்டு குழுவுக்குப் போனா ஊர்ல வேற மாதிரி பேசுவாங்கடி."

"பேசட்டும். எந்தத் தேதில எங்க இருப்பேன்னு நானே எழுதி மாட்டிடறேன். அதுக்கு மேல பேச அவங்களுக்கு இன்னா இருக்குது?"

கோபத்தில் வாய்க்கு வந்தது அது. ராணியம்மாள் போன பிறகு நினைத்துப் பார்த்தபோது நந்தினிக்கு அது வெறும் கோபமாகத் தெரியவில்லை. அன்று மையத்தை மூடுவதற்கு முன்பு கணினியில் ஐப்பசி மாதத்தைக் கட்டம் கட்டினாள். ஒவ்வொரு கட்டத்திலும் மேலே தமிழ்த் தேதி, கீழே ஆங்கிலத் தேதி, நடுவில் எழுதுவதற்கு இடம். தலைப்பில் தன் பெயரையும் போன் எண்ணையும் இட்டாள். அடியில் ஒரே ஒரு வரி: 'முதலில் எழுதுபவருக்கே அந்த நாள். எழுதிய நாள் மாறாது.' இரண்டு படி எடுத்தாள்.

பூஜைக்கு முதல் நாள் ஒன்றைக் குடோனில் மாறனிடம் கொடுத்தாள்.

"கீபோர்டு வராது தம்பி. நாளைக்கு நான் வருவேன், பொரி திங்க. வாத்தியம் என் வூட்லதான் இருக்கும். உன் வரிசையிலயும் இல்ல, மாஸ்டர் வரிசையிலயும் இல்ல."

மாறன் தாளை மேலும் கீழும் பார்த்தான். "பசங்ககிட்ட பேசி யோசிச்சு சொல்றோம்க்கா."

"நல்லா யோசிங்க. அதுக்குள்ள மாஸ்டர் ஒரு நாள எழுதிட்டா எங்கிட்ட வந்து கேக்கக் கூடாது."

அவன் உடனே பேனாவைத் தேடினான். ஐப்பசி பத்து, அக்டோபர் இருபத்தேழு என்றிருந்த கட்டத்தில் 'செம்மண்' என்று அழுத்தி எழுதினான். நந்தினி தன்னிடமிருந்த படியிலும் அதையே எழுதிக்கொண்டாள்.

ஆயுத பூஜையன்று விடிந்ததும் அவள் வீட்டுக் கூடத்தில் மணைப்பலகை போட்டு, கீபோர்டைத் துடைத்து வைத்தாள். கட்டைகளில் அல்ல, ஓரச் சட்டத்தில் மட்டும் விரல் நுனியால் சந்தனமும் குங்குமமும் இட்டாள். பிரசாத் ஆட்டோவுக்கு வாழைக்கன்று கட்டிவிட்டு வந்து கற்பூரம் ஏற்றினான். பிறகு அவளைத் தேரடி வீதியில் கொண்டுபோய் இறக்கிவிட்டான்.

கீபோர்டு இல்லாமல் அவள் படியேறினாள். கையில் பொரிப் பொட்டலமும் சுருட்டிய தாளும் இருந்தன.

அறையில் எல்லாரும் இருந்தார்கள். நீலப் பாயில் அவள் கீபோர்டு இருக்கவேண்டிய இடத்தில் வேறொரு கீபோர்டு இருந்தது. அதன் பக்கத்தில் நெற்றியில் விபூதியுடன் இளஞ்செழியன் என்பவர் நின்றார். ஆவணிக்குப் பிறகு மாஸ்டர் தேடிப்பிடித்த புது ஆள், முப்பது வயதிருக்கும். மாஸ்டர் நந்தினியைப் பார்த்தார், அவள் கைகளைப் பார்த்தார், கற்பூரத் தட்டை எடுத்தார். அவள் வாசலருகே நின்று கும்பிட்டாள்.

தட்டு கீபோர்டைத் தாண்டியதுமே இளஞ்செழியன் மெல்லக் கேட்டார்: "மாஸ்டர், நான் எடுத்துக்கட்டுங்களா? போளூர்ல பன்னெண்டுக்குள்ள வைக்கணும். அதுக்கு மேல ராகு காலம்."

மாஸ்டருக்கு முதலில் புரியவில்லை. "எத எடுக்கணும்?"

"கீபோர்டுதாங்க. அங்க ரெண்டு பூஜை. நம்மளுது மொதல்லன்னு இங்க வந்துட்டேன்."

"நாளைக்குக் காலைல வரைக்கும் எடுக்கக் கூடாதுப்பா."

"எல்லா மாஸ்டரும் அதான் சொல்றாங்க. நான் ஒத்த கீபோர்ட வச்சுக்கிட்டு இன்னாங்க பண்ணுவேன்?"

கருப்பன் அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. டோலக்கின்மேல் குனிந்துகொண்டு சிரித்தான். பேஸ் கிட்டார்காரர் இருமினார். மாஸ்டரின் கையில் கற்பூரம் எரிந்துகொண்டே இருந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. "எடுத்துட்டுப் போப்பா" என்றார். இளஞ்செழியன் கீபோர்டை உறையில் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, பணிவாகப் படியிறங்கிப் போனார். பாயில் ஓர் ஆள் படுக்குமளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது.

நந்தினி சிரிக்கவில்லை. மாஸ்டரின் முகத்தைப் பார்க்க அவளுக்கு வருத்தமாகவே இருந்தது. ஆனால் வருத்தத்துக்காகத் தாளைச் சுருட்டியபடியே திரும்பிப் போய்விட அவள் வரவில்லை. காலண்டர் தொங்கிய ஆணியில், காலண்டருக்கு மேல் தாளை மாட்டினாள்.

"மாஸ்டர், என் கீபோர்டு என் வூட்ல இருக்குது. பொட்டு வச்சு கற்பூரம் காட்டியாச்சு. இனிமே வருசா வருசம் அங்கதான் இருக்கும். இது ஐப்பசித் தாளு. தமிழ்த் தேதியும் இங்கிலீசும் ஒரே கட்டத்துல போட்டிருக்கேன். நீங்க ஒரு நாள எழுதி எனக்கு ஒரு போன் பண்ணிட்டா அது உங்க நாளு. அரை மணி முன்னாடியே வந்து நிப்பேன். ஆவணில நடந்தது மாதிரி நடக்காது. எழுதாத நாளு என்னுது. அதுல நான் எங்க போறேன்னு நீங்க கேக்கக் கூடாது. கேட்டாலும் மறைக்காம சொல்லுவேன்."

"கழட்டும்மா அத."

"நான் மாட்டினது. என் கையால கழட்ட மாட்டேன். நீங்க கழட்டுங்க."

மாஸ்டர் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தாளின் அருகே போனார். எல்லாரும் அவர் கையைப் பார்த்தார்கள். கை எழும்பவில்லை; கண் மட்டும் கட்டம் கட்டமாக இறங்கியது.

"பத்துல இன்னா எழுதியிருக்குது?"

"செம்மண் எழுதினது. நேத்து."

"பத்து நமக்கு பெரிய கல்யாணம். பொண்ணு வூடு ஆவணில பாத்த அதே குடும்பம்தான். அந்த மாப்பிள்ளையோட தங்கச்சிக்குக் கல்யாணம்." அவர் குரல் இறங்கியிருந்தது. "பத்த எனக்குக் குடுத்துடு. இந்தத் தாளு இங்கியே தொங்கட்டும். கீபோர்டு உன் வூட்லயே இருக்கட்டும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அவள் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, ஒரே ஒரு கட்டத்தைத் தவிர. ராணியம்மாள் அவளைப் பார்த்து, ஒப்புக்கொள் என்று கண்ணால் சொன்னாள். அந்த வீட்டார் முன்னால் மாஸ்டர் கைகூப்பி நின்றது நந்தினியின் நினைவுக்கு வந்தது. அதற்குக் காரணம் தான் என்பதும் வந்தது.

"முடியாதுங்க மாஸ்டர்."

"எனக்காகக் கூடவா?"

"உங்களுக்காக இன்னிக்கு அவங்க நாள மாத்துனா, நாளைக்கு அவங்களுக்காக உங்க நாள மாத்துவேன். அப்புறம் இந்தத் தாளுக்கு ஒரு அர்த்தமும் இல்ல. பதினாலு காலியா இருக்குது. பதினேழும் இருக்குது. எழுதுங்க, யார் கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

"ஐப்பசில உனக்கு நாளே கிடையாது" என்றார் மாஸ்டர். "ஒண்ணு கூடக் கிடையாது. போம்மா."

"சரிங்க மாஸ்டர். கார்த்திகைத் தாளு அடிச்சதும் கொண்டாந்து மாட்டறேன்."

பொரிப் பொட்டலத்தைப் பாயின் ஓரத்தில் வைத்துவிட்டு அவள் திரும்பினாள். அப்போது ராணியம்மாள் எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"மாஸ்டர், ஐப்பசி எட்டுல என் பேர எழுதிடாதீங்க. செங்கத்துல எனக்குப் பாட்டு இருக்குது."

"பொண்ணு வூட்லயா?" என்றார் மாஸ்டர்.

"பொண்ணு வூட்ல இல்லீங்க. குழுல."

கருப்பன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் கால் விரல்களைப் பார்க்கத் தொடங்கினான். அவன் அத்தையைப் பற்றி ஏதும் சொன்னானா இல்லையா என்பது நந்தினிக்குத் தெரியாது. அவள் பாதிப் படி இறங்கியிருந்தாள்.

தெருவில் பிரசாத் ஆட்டோவின் வாழைக்கன்றை நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"நாள் குடுத்தாரா?"

"இல்ல."

"தாள கழட்டிட்டாரா?"

"நான் பாக்கல."

"போயி பாத்துட்டு வரட்டுமா? செருப்ப விட்டுட்டேன்னு சொல்லிட்டு ஏறிடறேன்."

"வேணாம். கழட்டியிருந்தா நாளைக்கு வேற ஒண்ணு கொண்டாந்து மாட்டுவேன். அதையும் கழட்டினா நாளன்னிக்கு இன்னொண்ணு. கடைல பேப்பர் ஜாஸ்தியாவே இருக்குது." அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "கீழ்பென்னாத்தூருக்கு வண்டிய விடுங்க. மாறன் வூட்ல பொரி தீர்ந்துடப் போவுது."